இருபத்தொன்றாம் நம்பர் கதவு

சத்தியம்! மாரியம்மன் மேல் சத்தியம், முப்பத்திரண்டு வருஷம் நான் பிடித்த லொறி ஸ்டியரிங் மேல் சத்தியம், செத்துப்போன என் பெண்சாதி பவளக்கொடி மேல் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்த நாக்கு வெந்துபோகட்டும்! இந்தச் சுவர் இடிந்து என் தலையிலேயே விழட்டும்!

சரி, கத்தினது போதும். இந்த லயத்து வரிசையில் மிச்சம் இருக்கிற நாலு ஒற்றையறைக் காம்பிராவுக்கும் கேட்டிருக்கும். இனி மெதுவாகப் பேசுவோம். கிட்ட வந்து உட்கார் பிள்ளை. இந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது, பார்த்தாயா? மேலே திறந்துதான் கிடக்கிறது. பக்கத்துக் காம்பிராவில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். நான் தும்மினால் அங்கேயிருந்து "நூறு" என்று சத்தம் வரும். இப்போது அந்தக் காம்பிராக்காரி மலையில் கொழுந்து எடுக்கிறாள். நிறுத்துப் போட்டுவிட்டு வர நாலரை ஆகும். அதற்குள் முடித்துவிடவேண்டும்.

உன் கேள்வி என்ன? "இந்த நாடு சரியான பாதையில் போகிறதா, தவறான பாதையில் போகிறதா?" தூ! பொறு, உன் மேல் துப்பவில்லை, வெற்றிலை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம். அந்தக் கேள்வித்தாள் பலகையை மடியில் கவிழ்த்து வை. வாசலில் நிற்கும்போதே நீ வேறொன்று கேட்டாயே, உன் பலகையில் இல்லாத கேள்வி, அதுதான் கேள்வி. என் கதவில் நீலப் பெயின்டில் இருபது என்று எழுதியிருக்கிறது. அதற்கு முந்தின கதவில் இருபத்தொன்று. "நாலு வீட்டுக்கு ஒன்று என்றுதானே எடுப்பார்கள், அடுத்தடுத்த கதவில் எப்படி ஐயா நம்பர்?" என்று கேட்டாய். ஒன்பது வருஷம் பிள்ளை! தோட்டத் தலைவர் தாண்டிப் போனார், கிராம சேவகர் தாண்டிப் போனார், வோட்டுக் கேட்டு வந்த ஐந்தாறு பேர் கும்பிட்டபடியே தாண்டிப் போனார்கள். ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. நீ வந்து பத்து நிமிஷத்தில் கேட்டாய். படித்த கண்.

சொல்கிறேன். சும்மா சொல்லவில்லை, ஒரு காரியத்துக்காகச் சொல்கிறேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலைக்குப் பேர் போடுகிற அந்தப் பிரட்டுக்களத்தில், புது வீட்டுக்குப் பேர் எழுதப்போகிறார்கள். ஆள் நேரே போய் நிற்கவேண்டும், அடையாள அட்டையைக் காட்டவேண்டும். போகாதவருக்கு வீடு இல்லை. இந்தப் பக்கத்துக் காம்பிராக்காரி, செவனம்மா, போகமாட்டாள். ஏன் போகமாட்டாள் என்பதுதான் கதை.

என்னை உனக்குத் தெரியாது. சங்கிலிமுத்து என்று பேர். இந்தப் பூனைக்கல்லுத் தோட்டத்தில் லொறி மாமா என்றால் நாய்க்கும் தெரியும். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புத் துறைமுகம் வரைக்கும் போய் வந்தவன். ஒருதரம் கண்டி வளைவில் ஒரு சிறுத்தை ஏறி என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, டவுன் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்து, பஸ் ஸ்டாண்ட் கிட்ட மரியாதையாக இறங்கிப் போனது. சிரிக்காதே. அதுவும் சத்தியத்துக்குள் சேர்த்தி. ஊர் ஊராகப் போனதில் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கனவே பாதி சிங்களத்தில்தான் வரும். அந்தச் சிங்களம்தான் என்னை இந்த அசிங்கத்துக்குள் இழுத்துவிட்டது.

போன தடவை ஆட்சி மாறினபோது, இல்லை, அதற்கும் முந்தின தடவை. இப்போதெல்லாம் லயத்துக் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி, எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்லமுடியவில்லை. பழைய ஆட்கள் போனார்கள், புது ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள், நாட்டுக்குப் புது அரசியலமைப்பு எழுதப்போகிறோம், மக்களைக் கேட்டுத்தான் எழுதுவோம் என்றார்கள். மக்களை! என்னை ஒருத்தன் "உங்களைக் கேட்டுத்தான்" என்று சொன்னால் எனக்கு அப்போதே குமட்டும். எதையோ முடிவு பண்ணிவிட்டான் என்று அர்த்தம். கூடவே, தோட்டத்துச் சனத்துக்குக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவு காணி, அதில் தனி வீடு என்றும் ஒரு பேச்சு. லயத்தில் இருக்கிற சனத்துக்கு அது போதும். அரசியலமைப்பு ஒரு காது, ஏழு பேர்ச் மறு காது. எந்தக் காது பெரிசாக இருந்திருக்கும், சொல்லு.

அப்போது கொழும்பிலிருந்து ஒரு ஆய்வு நிலையம் வந்தது. நிலூக்கா மிஸ் என்று ஒரு பெண், பெரிய படிப்பு, உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஜீப்பை விட்டு இறங்கும்போதே சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வந்து எனக்கு வணக்கம் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, சனத்துக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று தலைவரைக் கேட்டார்கள், தலைவர் என்னைக் காட்டிவிட்டார்.

டவுனில் ஒரு ஹோட்டலில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். உனக்கும் வைத்திருப்பார்களே. கேட்பதை அப்படியே கேட்கவேண்டும். சொல்வதை அப்படியே சொல்லவேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, பதிலை எடுத்துக் கொடுக்கக்கூடாது. முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும். நான் கையைத் தூக்கிக் கேட்டேன்: "எந்தச் சுவர் மாதிரி மிஸ்? எங்கள் லயத்துச் சுவர் அந்தப் பக்கத்துச் சங்கதியை எல்லாம் இந்தப் பக்கம் சொல்லிவிடுமே." எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எதைத்தான் எழுதமாட்டார்கள் என்று கிடையாது. தூ!

மறுநாள் தோட்டத்தில் வேலை. மாரியம்மன் கோயிலில் தொடங்கி, இடது கைப் பக்கமாக, நாலாவது கதவு, நாலாவது கதவு. நீயும் அப்படித்தானே எண்ணி வந்தாய்? ஆளில்லாத காம்பிராவையும் சேர்த்து எண்ணினாயா? சேர்த்திருப்பாய், சேர்த்திருப்பாய். பகலில் சனம் மலைக்குப் போய்விடும், திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கும், வந்தால் அதே கதவுக்குத்தான் வரவேண்டும். சோக்கால் எழுதினால் இந்த மழையில் ஒரு மணித்தியாலம் நிற்காது. அதனால் நீலப் பெயின்ட் ஒரு டின், ஒரு சின்னப் பிரஷ். எடுத்த கதவுக்கெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். மொத்தம் இருபது. இருபதாவது, கடைசி லயத்தின் கடைசிக் காம்பிரா, என்னுடையது. கணக்குப்படி விழுந்ததுதான். நான் தள்ளிப் போடவில்லை, கிள்ளிப் போடவில்லை. என்னை நானே தமிழில் கேட்டு, நானே பதில் சொல்லி, நானே மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னேன். "முழுத் திருப்தி" என்றேன். பயிற்சிக்குப் போட்ட ஹோட்டல் மீன் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது.

சாயந்தரம் சனம் மலையிலிருந்து இறங்கி வந்து கதவைப் பார்த்தது. ஒரு கதவில் நம்பர் இருக்கிறது, மூன்று கதவில் இல்லை. அதுவும் சோக்குக் கட்டியில் இல்லை, பெயின்டில்! பெயின்டில் எழுதினதை அழிக்கமுடியாது. அழிக்கமுடியாததை அரசாங்கம் சும்மா எழுதுமா?

"மாமா, இது என்னா நம்பரு?"

முதல் நாள் நான் உண்மையைச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். "கருத்துக் கேட்கிறார்கள் அம்மா. நாட்டை எப்படி ஆளவேண்டும் என்று உங்கள் கருத்து."

அவ்வளவுதான், கதவெல்லாம் மூடிக்கொண்டது. "எங்களுக்கு என்னா தெரியும்", "அவரு வரட்டும்", "தலைவரைக் கேளுங்க", "வேலைக்கு வராம பேசிக்கிட்டு இருந்தேன்னு தொரை பேரை வெட்டிருவாரு, அன்னைக்கிச் சம்பளம் போயிரும்". மூன்று கதவில் வாங்கிக் கட்டிக்கொண்டு மிஸ் ஜீப்பில் போய் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் நான் எதுவும் சொல்லவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள், காணி நம்பர் என்று நான் என் வாயால் சொல்லவில்லை. ஒருத்தி கேட்டாள், "மாமா, ஏழு பேர்ச் காணிக்கா இது?" நான் சிரித்தேன். சிரித்தது ஒரு குற்றமா? இன்னொருத்தன் கேட்டான், "ஓடு போட்ட வீடா, தகரமா?" ஓடுதான் நல்லது என்றேன். ஓடு நல்லதுதானே? வேறொருத்தி கேட்டாள், "எந்தப் பக்கம் குடுப்பாங்க?" கோயிலுக்குக் கிழக்கே அந்தச் சரிவைக் கையால் காட்டினேன். அந்தச் சரிவு அங்கேதான் இருக்கிறது, வேண்டுமானால் எட்டிப் பார். இல்லாததை நான் காட்டவில்லை.

கதவெல்லாம் திறந்துகொண்டது. அப்படித் திறந்தது என்றால், பாய் விரித்து, போர்வை விரித்து, பிஸ்கட் வைத்து! மிஸ் மலர்ந்துபோய்விட்டார். எட்டாம் நம்பர், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை செய்கிற மருதவீரன் காம்பிரா. "நாட்டின் தலைவருக்கு இருக்கிற அதிகாரம் கூடவேண்டுமா, குறையவேண்டுமா, இப்படியே இருக்கலாமா?" நான் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"மாமா, எதைச் சொன்னா வெயில் விழுற பக்கமா காணி குடுப்பாங்க?"

நான் மிஸ்ஸிடம் சொன்னேன்: "அதிகாரம் ஒரே இடத்தில் குவியாமல் எல்லாப் பக்கமும் விழவேண்டும் என்கிறார்."

"எவ்வளவு தெளிவு!" என்றார் மிஸ். "கொழும்பில் படித்தவர்கள்கூட இப்படிச் சொல்வதில்லை."

அவனுடைய மாமியார்க் கிழவி, சமையல் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எல்லாரையும் முழுசா நம்புறோம்னு போடுங்க ஐயா. குசினி தனியா வருமா?" அது அவளைக் கேட்ட கேள்விகூட இல்லை. இருபது வீடும் இதே கூத்துத்தான். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், மனதில் இருப்பதைச் சொல்வானா என்று பார்த்தேன். இல்லையே! எல்லாருக்கும் எல்லாம் நல்லம். எனக்கு அருவருத்துவிட்டது பிள்ளை. இந்தச் சனம் பொய் சொல்வதை உட்கார்ந்து கேட்பதற்கு இரும்பு வயிறு வேண்டும்.

மனதில் இருந்ததைச் சொன்னவள் ஒருத்திதான். அவள் கதவில் நம்பர் இல்லை.

செவனம்மா. புருஷன் செத்து அப்போது ஆறு வருஷம். ஒரே மகள், கௌசிகா. பரீட்சை பாஸ் பண்ணி, ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு நேர்முகம் என்று கடிதம் வந்தது. எங்களுக்குத் தனி முகவரி ஏது? காம்பிராவுக்கு இலக்கமா, தெருவுக்குப் பேரா? ஆயிரம் பேருக்கும் ஒரே முகவரி, பூனைக்கல்லுத் தோட்டம். கடிதம் எல்லாம் தோட்டத்து ஒப்பீசில் கிடக்கும். யாராவது ஞாபகம் வந்து எடுத்துக் கொடுத்தால் உண்டு. அந்தக் கடிதம் நேர்முகம் முடிந்து பதினொரு நாள் கழித்து அவள் கைக்கு வந்தது. மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்விட்டாள். அதிலிருந்து செவனம்மா நம்பர் என்ற ஒன்றைக் கண்டால் பைத்தியம் மாதிரி ஆகிவிடுவாள்.

மிஸ் என் காம்பிராவிலிருந்து வெளியே வருகிறார், இவள் தன் வாசலில் வழியை மறித்து நிற்கிறாள். தலையில் கூடைக் கயிறு, காலில் அட்டை கடித்த ரத்தம்.

"லொறியண்ணே, அந்த அம்மாக்கிட்ட கேளுங்க. அந்தப் பக்கம் நம்பரு, இந்தப் பக்கம் நம்பரு. எனக்கு மட்டும் ஏன் இல்ல? நான் என்னா களவெடுத்தேனா?"

கேட்டேன். மிஸ் பொறுமையாகச் சொன்னார், இது குலுக்கல் மாதிரி, எல்லாருக்கும் ஒரே வாய்ப்புத்தான், இவருக்கு விழவில்லை.

"குலுக்கலா? குலுக்கிப் போட்டா நாட்டை நடத்துறாங்க?" என்றாள் செவனம்மா. பிறகு நிறுத்தவே இல்லை. "இருவத்தாறு வருசமா கொழுந்து எடுக்குறேன். எத்தனை அரசாங்கம் வந்திருச்சி. யாரு வந்தாலும் எனக்கு வாற கடுதாசிய இன்னொருத்தன் பிரிச்சிப் பார்த்துட்டுத்தான் குடுக்கிறான். ஆளுறவங்க அதிகாரத்தைக் கூட்டட்டும் கொறைக்கட்டும், எனக்கு என்னா? என் பேருல ஒரு கதவு வேணும். தபால்காரன் அந்தக் கதவைத் தேடி வந்து தட்டணும். 'செவனம்மா யாரு?'ன்னு கேக்கணும். நான் உள்ள இருந்து 'நான்தான்'னு சொல்லணும். இதை எழுதச் சொல்லுங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார் அங்கிள்?"

நேரமோ ஐந்து மணி. மழை வேறு கட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் பட்டியலில் இல்லாத ஆள். பட்டியலில் இல்லாத ஆள் சொல்வதை எழுதக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கிறாள்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம், நன்றி சொல்லுங்கள்" என்று மிஸ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். செவனம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே! கைகொடுத்தவுடன் எழுதிக்கொண்டுவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டாள். இவ்வளவு லேசாக ஏமாறுகிற சனத்தை வைத்துக்கொண்டு எந்த நாடு உருப்படும்?

இதோடு விட்டிருப்பேன். அவள் விடவில்லை. இருட்டினபிறகு ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். "அண்ணே, நாளைக்கி அந்த அம்மா போயிருவாங்களாமே. ஒரு வார்த்தை பேசுங்கண்ணே." அழவில்லை. அழுதிருந்தால் துரத்தியிருப்பேன். தட்டை வைத்துவிட்டு அந்தக் கதவு நிலையில் சாய்ந்து, என் கதவு நம்பரை விரலால் தடவிப் பார்த்தாள். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

மறுநாள் காலையில் ஜீப் போய்விட்டது. டின்னில் கொஞ்சம் பெயின்ட் மிச்சம். வீணாகப் போகிறதே என்று பார்த்தேன். செவனம்மா மலையில் இருந்தாள். ஒரு இரண்டு, பக்கத்தில் ஒரு ஒன்று. அந்த ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, நீ பார்த்திருப்பாய்.

சாயந்தரம் வந்து பார்த்தாள். கூடையை இறக்கவே இல்லை. என்னைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள். அப்போது என் வாய் சும்மா இருக்கவேண்டுமா இல்லையா? அது லொறிக்கார வாய் பிள்ளை. "தங்கச்சி, இருபது பேருக்குத்தான் உத்தரவு. உனக்காக நான் கொழும்புக்கே போன் போட்டுப் பேசினேன். பெரிய இடத்தில் பேசினேன். இது தனி நம்பர். மற்ற இருபதும் பொய்யாகப் போனாலும் இந்த இருபத்தொன்று நிற்கும். நீ ஒரு இடத்துக்கும் அலையவேண்டாம். அவர்களே கதவைத் தேடி வந்து தட்டுவார்கள்" என்றேன்.

தட்டுவார்கள் என்று சொன்னவுடன் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் முட்டையிடுகிற கோழி ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. அவளாகக் கொடுத்தாள். வாங்காவிட்டால் சந்தேகம் வரும். குழம்பு சுமார்தான், கிழட்டுக் கோழி.

ஆறு மாதம் கழித்து மிஸ் ஒரு புத்தகம் அனுப்பினார். வழுவழு என்று தாள். அதில், தோட்டத்து மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேருக்கு ஆட்சியில் நம்பிக்கை என்று ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் என் படம், வாய் நிறைய வெற்றிலையோடு. கீழே, "கருத்துத் தெரிவிக்கும் தோட்டத் தொழிலாளி." நான் எங்கே கருத்துத் தெரிவித்தேன்? ஊர்க் கருத்தை எல்லாம் சுமந்தேன், லொறி மாதிரி. அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. பொய்யை இவ்வளவு நல்ல தாளில் அச்சடித்து நான் கண்டதில்லை. அதோ, அடுப்புக்குப் பக்கத்தில் சீனிப் போத்தலுக்குக் கீழே இருக்கிறது.

காணி வரவில்லை. மருதவீரன் ஒரு மாதம் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம், "ஏமாத்துக்கார மாமா, என் ஓடு எங்க?" என்று கத்தினான். பிறகு மறந்துவிட்டான். சனம் கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்து நம்பரை மூடிவிட்டது. செவனம்மா மூடவில்லை. தனி நம்பர் அல்லவா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஈரத் துணியால் துடைத்து, அந்த இரண்டுக்கும் ஒன்றுக்கும் மஞ்சள் வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவாள். இன்றைக்கும் வைத்திருக்கிறாள், நீ தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டும்.

இரண்டு வருஷம் கழித்து நிஜமாகவே வீடு வந்தது. அதே கிழக்குச் சரிவில்! நான் காட்டின அதே இடம்! அதற்கு எவனாவது எனக்கு ஒரு நன்றி சொன்னானா? தூ! முப்பது வீடு. ஞாயிறு காலை பிரட்டுக்களத்துக்கு வந்து பேர் கொடுக்கவேண்டும் என்று தலைவர் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். செவனம்மா கையை ஆட்டிவிட்டாள்.

"எனக்குத்தான் நம்பரு இருக்கே தலைவரே."

"அட, அந்தக் கிறுக்கல் ஒன்னுக்கும் ஆகாது, வந்து பேரைக் குடும்மா."

"கிறுக்கலா? நீங்க வாங்கித் தந்ததா அது? லொறியண்ணன் கொழும்புல பேசி வாங்கினது. ஒங்களுக்கு வேண்டியவங்களுக்குப் பேரை எழுதிக்கிட்டுப் போங்க."

தலைவர் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அவர் மேல் யாருக்குத்தான் இருந்தது, அந்தத் தொண்ணூற்று நாலைத் தவிர.

அந்த ஞாயிறு எனக்கு வயிற்று வலி. சத்தியமாக வயிற்று வலி. நானும் பேர் கொடுக்கத்தான் சட்டை எல்லாம் போட்டு நின்றேன். ஆனால் என் காம்பிரா கடைசி, பின்னால் பள்ளம். வெளியே போகவேண்டும் என்றால் அவள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவு இடுக்கால் பார்த்தேன். பச்சைச் சேலை, தீபாவளிச் சேலை, கட்டிக்கொண்டு அந்த நம்பருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அடையாள அட்டை. தட்டுவதற்கு வசதியாகக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள், பிள்ளை! நான் தாண்டிப் போனால், "எங்கண்ணே போறீங்க?" என்று கேட்பாள். பேர் கொடுக்க என்றால், "ஒங்களுக்குத்தான் நம்பரு இருக்கே, ஏன் போறீங்க?" என்று கேட்பாள். அப்போதுதான் வயிற்றைப் பிடித்தது. சட்டையைக் கழற்றிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

பகல் ஒரு மணிக்குச் சனம் சிரித்துக்கொண்டு திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அவள் கதவுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே குரல்: "அண்ணே, முனகுறீங்களே, ஒடம்புக்கு என்னா?" வயிற்று வலி என்றேன். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், அதே பச்சைச் சேலையில். "இன்னைக்கி வரல. இவங்க எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டு வருவாங்க போல" என்றாள். கஞ்சியில் உப்பே இல்லை.

முப்பது குடும்பம் அந்தப் பக்கம் போய்விட்டது. மருதவீரன் வீட்டில் குசினி தனியாக இருக்கிறது. தபால்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து கேட் கிட்ட ஹோர்ன் அடிக்கிறான். இங்கே நாலு காம்பிரா. மழைக்கு அவள் கூரையில் தகரம் நகர்ந்தால் நான் ஏறி அடிக்கிறேன், எழுபத்தைந்து வயதில். என் பங்கு ரொட்டியைத் தட்டில் மூடி வைத்துவிட்டு அவள் மலைக்குப் போகிறாள். "எனக்குன்னு கொழும்புல பேசினது நீங்க ஒருத்தர்தான்" என்று எத்தனை தடவை சொல்லிவிட்டாள். அந்த ரொட்டியைத் தின்னும்போது எனக்கு அருவருப்பாக இருக்கும். மாவு சரியில்லை. கூட்டுறவுக் கடை மாவே அப்படித்தான்.

இப்போது திரும்ப ஆட்சி மாறியிருக்கிறது. திரும்பக் கருத்து. திரும்ப வீடு. இந்த ஞாயிறு. இந்த ஞாயிறும் எனக்கு வயிற்று வலி வரும் போலத்தான் இருக்கிறது.

நேரம் என்ன? நாலு இருபதா! கேட்டுக்கொள், சீக்கிரம். உன் கழுத்தில் படம் போட்ட அட்டை தொங்குகிறதே, கொழும்பு முத்திரையோடு. தலைவர் சொன்னால் நம்பமாட்டாள், கிராம சேவகர் சொன்னால் நம்பமாட்டாள், உன்னை நம்புவாள். கைகொடுத்தாலே போதும், நம்பிவிடுவாள். அந்தக் கதவில் நின்று அவளிடம் சொல்லு, இது காணி நம்பர் இல்லை, வெறும் எண்ணிக்கை, அதற்கு ஒரு பெறுமதியும் கிடையாது, ஞாயிறு காலை ஏழு மணிக்கு அடையாள அட்டையோடு பிரட்டுக்களத்துக்குப் போ என்று. அவள் உன் பட்டியலில் இல்லை, தெரியும். மூன்றாவது கதவு, இந்தத் தடவையும் விழவில்லை. பட்டியலைக் கொண்டுபோய் ஆற்றில் போடு. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அந்த முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு மட்டும் அவளைத் தாண்டிப் போய்விடாதே பிள்ளை. ஒரு ஆள் அப்படித் தாண்டிப் போனது போதும்.

நான் ஏன் சொல்லக்கூடாது என்றா கேட்கிறாய்? நல்ல கேள்வி. நான் சொன்னால்... அந்தக் கோழியைப் பற்றிக் கேட்பாள். வேறொன்றும் இல்லை. கோழியைப் பற்றிக் கேட்பாள்.

படியில் சத்தம் கேட்கிறதா? அவள்தான். பலகையை நிமிர்த்து, நிமிர்த்து!

ஆமாம் பிள்ளை, எழுதிக்கொள்! நாடு சரியான பாதையில்தான் போகிறது! முழுத் திருப்தி! ...வா செவனம்மா, வா. இந்தப் பிள்ளை கொழும்பிலிருந்து வந்திருக்கிறது. உன்னிடம் ஏதோ சொல்லவேண்டுமாம். என்னவென்று எனக்குத் தெரியாது. நீ போய்க் கூடையை இறக்கி வை, அனுப்பி வைக்கிறேன்.

போய்விட்டாளா? குனி, காதைக் கொடு. கேள்வி தொடங்கும்போது வாசித்தாயே, "உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படமாட்டாது" என்று. அதை நான் நம்புகிறேன், உன் பலகையில் நான் நம்புகிற வரி அது ஒன்றுதான். இருபத்தொன்று யார் எழுதினது என்று அவள் கேட்பாள். யாரோ எழுதினார்கள் என்று சொல்லு. உனக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்பாள். எவனோ ஒரு கிழவன், பஸ்ஸில், பேர் தெரியாது.

போ பிள்ளை. தட்டு. அவள் கதவு திறந்துதான் இருக்கும், இருந்தாலும் தட்டு.